நான்கு பலகைகளில் இல்லாத எழுத்து

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. ஓர் அலுவலகத்தில் காத்திருந்தபோது சுவரில் ஒரு பலகை பார்த்தேன்: 'சுவரில் சாயாதே.' தடித்த எழுத்து. கோடுகளின் முனையில் செங்கல் வைத்தாற்போல் பாதங்கள். சாயாதே என்று அதட்டிய அந்த எழுத்தே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சிரிப்பு வந்தது. பிறகு, இதை யாரோ ஒருத்தி உட்கார்ந்து வரைந்திருப்பாளே, அதட்டுவதற்கா வரைந்திருப்பாள் என்று தோன்றியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் ஒரு சாதாரணமான'

வேண்டாம். ஒரே வளைவை மூன்று நாள் திருத்துகிறவள் சாதாரணமானவள் அல்ல.

2

கணினியில் எழுத்துரு வரைவது அவள் வேலை. வீட்டில் பட்டப்பெயர் கோணல். சட்டை தைக்கும் ஆலையின் முதலாளி, தையல் கூடத்தில் மாட்ட நான்கு பலகைகளுக்கு எழுத்து கேட்டார்.

"படிக்கும்போதே கை ஓடணும்மா. நிமிர்ந்து நிக்கிற எழுத்து வேண்டாம்" என்றார்.

'விரைந்து செய்', 'திரும்பிப் பார்க்காதே', 'குறித்த நேரத்தை மீறாதே', 'கை நிற்கக் கூடாது.' இந்த நான்குக்கும் தேவையான எழுத்துகளை மட்டும் வரைந்தாள். முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. முழு எழுத்துருவையும் வரையச் சொல்லி, அவள் பெயரிலேயே வெளியிடுவதாக வாக்குக் கொடுத்தார். பத்து வருடமாக அவள் ஏங்கியது அதற்குத்தான்.

(நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்தால் சாய்வெழுத்து ஆகிவிடாது. பாதமும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். தடுக்கி விழுகிறாற்போல் இருக்கும். உடல் சாய வேண்டும், பாதம் தரையோடு தட்டையாக நிற்க வேண்டும். தடிமன் கூடினால் சுழிக்குள் இருக்கும் வெளி அடைபடும். அதையும் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் கதைக்கு அவசியமா என்று கேட்பீர்கள். எனக்கு அவசியம். ஒருத்தியின் வேலையை மதிக்காமல் அவளுடைய மனசைப் பற்றி எழுத எனக்கு வராது.)

3

அந்தக் கூடத்தில் தைப்பவள் அவளுடைய அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

"கோணல், உன் போர்டு என் தலைக்கு மேலதான் தொங்குது. வீட்டுல உங்கண்ணன் திட்டுறது பத்தலன்னு அங்க நீ வேற."

"அவரு கேட்டாரு, வரைஞ்சேன் அண்ணி."

"கேட்டா வரைவேல்ல? அப்ப எங்களுக்கும் வரை."

அண்ணி கொடுத்த தாளில் இரண்டே சொற்கள்: 'கழிப்பறையைத் திற.'

ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது பூட்டியே கிடந்தது. சாவி சூபர்வைசர் சட்டைப்பையில்.

"ஏழு மாசக்காரி ஒருத்தி. நேத்து மெஷின்லயே நனைஞ்சுட்டா. அழக்கூட இல்ல, துணியில படாம நகர்ந்து உக்காந்தா. நாளைக்குக் காலையில கேட்ல நிக்கப்போறோம்."

"கையாலயே எழுதிக்கலாமே?"

"எழுதினோம். முதலாளி குப்பைன்னு தூக்கிப் போட்டாரு. எங்ககிட்ட அவரு எந்த எழுத்துல பேசுறாரோ, அதே எழுத்துல நாங்களும் பேசுறோம்."

கோணல் கணினியில் தட்டினாள். எல்லாம் வந்தது, 'ழி' தவிர. அந்த இடத்தில் வெற்றுக் கட்டம். நான்கு பலகைகளுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

4

இங்கே அவள் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். 'முழு எழுத்துருவும் கைநழுவிவிடுமே என்று அவள்' என்று அரைப் பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். தயங்கியது உண்மைதான், ஒரு டம்ளர் தேநீர் ஆறும் நேரம். அதற்குமேல் அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

முதல் 'ழி'யைப் பார்த்து அண்ணி முகம் சுளித்தாள்.

"ஈரத்துல வழுக்கினவ மாதிரி இருக்கு."

பாதத்தை அகலப்படுத்தி, சுழியைத் திறந்து, மறுபடி வரைந்தாள்.

"இப்ப சரி. நின்னுபோன வண்டியத் தள்ளுறவ மாதிரி ஊன்றி நிக்குது. அவரு கண்டுபிடிச்சா உனக்கு ஆபத்தாச்சேடி?"

"கண்டுபிடிக்கட்டும். வரைஞ்சது நான்தான்னு ஓரத்துல போட்டே தரேன்."

5

காலையில் வாசலில் பதினொரு பெண்கள், பதினொரு அட்டைகள். முதலாளியின் கார் நின்றது. இறங்கிவந்து படித்தார்.

"இது நம்ம எழுத்தாச்சே."

"ஆமா சார். ஒண்ணு மட்டும் புதுசு" என்றாள் அண்ணி.

அங்கேயே நின்று கோணலைத் தொலைபேசியில் அழைத்தார்.

"முழு எழுத்தும் உன் பேர்லதான்னு சொல்லியிருந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். மிச்சத்த, யாருக்கு எது தேவைப்படுதோ அந்த வரிசையில வரைஞ்சுக்கிறேன்."

அவர் பேச்சைத் துண்டித்தார்.

6

சின்னச் சின்ன நல்லதுகளை நம்புகிறவன் நான். எழுத உட்காரும்முன் கும்பிடுகிறவன். அதனால் சூபர்வைசர் யாருக்கும் தெரியாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். முதலாளி வெட்கப்பட்டுத் தலைகுனிவதாக இன்னொன்று. இரண்டும் அழகாக வந்தன. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நான் கதவைத் திறந்துவிட்டால் நீங்கள் மனம் குளிர்ந்து பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலும் இப்படி ஒரு சாவி இருக்கும். யாருடைய பையில் என்று பாருங்கள். உங்கள் பையிலேயே இருந்தால், இந்தக் கதையின் முடிவு உங்களிடம் இருக்கிறது.

அதுவரை பதினொரு பேரும் வெயிலில் நிற்பார்கள். அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லி நான் எழுத மாட்டேன்.