கலர் கேட்கும் அப்பா

வெப்சைட்காரருக்கு நிறம் பொறுக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு போட்டோவைத் திரையில் விரித்து, பிடித்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த இடத்து நிறம் கைக்கு வந்துவிடும். நாலைந்து நிறம் சேர்ந்தால் முகப்புப் பக்கம் தயார். போட்டோ எங்கும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் மனுஷன் அதை மகளிடம்தான் கேட்பார்.

மனைவி பிரிந்தபோது மகளும் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன் போட்டால் "சாப்பிட்டியா?", "ம்", "படிக்கிறியா?", "ம்", அதோடு சரி. பேசத் தெரியாத பாவி என்னதான் செய்வார்? ஒரு நாள், "வேலைக்குக் கலரே தோண மாட்டேங்குதும்மா. கண்ணுல படுறதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்" என்று எழுதிப் பார்த்தார். உடனே வந்தது: மழையில் நனைந்த ஆரஞ்சு வாளி, பின்னால் பாசி பிடித்த சுவர். அன்றிலிருந்து தினம் ஒன்று. பஸ் சீட்டின் கிழிசல், தோழியின் நகப்பூச்சு, காலேஜ் ஜன்னல். அவள் எங்கே உட்காருகிறாள், எதைப் பார்க்கிறாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தப் பாசிப் பச்சை ஒரு பல் டாக்டரின் வெப்சைட்டுக்குப் போனது. பல்லுக்கும் பாசிக்கும் என்ன பொருத்தம் என்று கேட்காதீர்கள், டாக்டருக்குப் பிடித்துவிட்டது. "எங்கய்யா பிடிக்கிறீங்க இந்தக் கலரையெல்லாம்?" என்றார். "அது தொழில் ரகசியம் டாக்டர்" என்று இவர் பெருமையில் பூரித்துப்போனார்.

ஒரு நாள் போட்டோ வரவில்லை, லிங்க் வந்தது. "அப்பா, இதுல ஆயிரக்கணக்குல கலர் செட் இருக்கு. பட்டனை அமுக்கினா அதுவே சேர்த்துக் குடுத்துடும். இனிமே என் போட்டோவுக்காக நீங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம். உங்களுக்காகத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன்!"

அது அவர் அறியாத தளமா? பல வருஷமாகப் புழங்குகிற இடம். பிள்ளை பாசத்தோடு தேடித் தந்திருக்கிறாள், கோபிக்கவும் வழியில்லை. இனி என்ன சாக்கில் அவளைக் கூப்பிடுவது? வீட்டில் ஃபேன் சத்தத்தைத் தவிர பேச்சுத்துணை கிடையாது. "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்று அடித்தார், அழித்தார். "எனக்கு நீ அனுப்புறதுதான் வேணும்" என்று அடித்தார். அனுப்பத் துணிவு வரவில்லை, அதையும் அழித்தார். கடைசியில் அனுப்பியது இதுதான்: "லிங்க் திறக்கலைம்மா."

வெப்சைட் கட்டியே சோறு தின்கிறவர் சொல்கிற பேச்சா இது!

மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அப்பா, டென்ஷன் ஆகாதீங்க. லிங்க் மேல விரலை அப்படியே அழுத்திப் பிடிங்க... பிடிச்சீங்களா?" சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடுவில் பக்கத்தில் யாரோ கேட்க, சிரித்துக்கொண்டே "எங்கப்பாடி" என்றாள்.

அவர் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: "இன்னும் திறக்கலைம்மா. இன்னொரு தடவை சொல்லேன்."