அப்பா பார்த்து வைத்த கார்

வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறானாம். அலமாரி மேலே கிடக்கிற அந்த இரண்டு ரிமோட் கார்களையும் புதுசாக்கி வை, இன்னொரு பந்தயம் விடலாம் என்று போனில் உத்தரவு. பேர்தான் பெரிய இன்ஜினியர், ஒரு ஸ்க்ரூ கழற்றத் தெரியாது. அப்பாவின் ரிப்பேர் கடையில் மாரடிக்கிற தங்கைதான் எல்லாம் செய்ய வேண்டும்.

அண்ணனின் சிவப்புக் காரை மதியத்துக்குள் முடித்துவிட்டாள். கை நீள ஏரியலும் பழைய போர்டும் குப்பைக்குப் போயின. புது ரிசீவர், லித்தியம் பேட்டரி, திருப்புவதற்குக் குட்டி சர்வோ மோட்டார். முன்பெல்லாம் திரும்பினால் ஒரேயடியாகத் திரும்பும்; இப்போது சொன்ன பேச்சைக் கேட்டது. அடுத்து அவளுடைய நீலக் கார். பந்தயத்தன்று மேலே போட்டது. இருபத்திரண்டு வருஷமாக அதைத் தொடவே அவளுக்கு மனசு வரவில்லை.

சாதாரணப் பந்தயமா அது! அண்ணன் ஒரு வருஷம் கோட்டை விட்டதால் இருவரும் ஒன்றாகத்தான் பள்ளியை முடித்தார்கள். ஒருத்தர் வெளியூர் போய்ப் படிக்கலாம், ஒருத்தர் என்னோடு கடையில் இருக்க வேண்டும் என்றார் அப்பா. இருவருமே போகத் துடித்தார்கள். சரி, காரை ஓட்டுங்கள், ஜெயிக்கிறவர் போகட்டும் என்றார்.

"ரெண்டு வண்டியையும் நானே பார்த்து வெக்கிறேன். அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது."

அண்ணன் கார் பறந்தது. அவளுடையது ஆமையாக ஊர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தவள்தான். தோற்றது நான்தானே, யாரை நொந்து என்ன என்று இத்தனை வருஷமும் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

நீலக் காரின் மூடியைக் கழற்றினாள். மோட்டாருக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருந்தது. கரண்டைக் குறைத்து வேகத்தைக் கொல்ல அது போதும். வயரை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பொட்டு வைத்த மாதிரி ஈயம். அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் அப்படிப் பற்றவைப்பார். அடப்பாவமே! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் மடியில் காரை வைத்தாள்.

"இது என்னப்பா?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த ஈயப் பொட்டைப் பார்த்தார். "அவனுக்கு எதுவும் தெரியாதும்மா."

"அவனை யார் கேட்டா? எனக்கு ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"உனக்குத்தான் கைவேலை வந்துச்சு. அவனை வெச்சிருந்தா ஒரே மாசத்துல கடையை இழுத்து மூடியிருப்பான்."

"இருன்னு வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இருந்திருப்பியா?"

இருந்திருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும். கெட்டிக்காரியாகப் பிறந்த குற்றத்துக்கா பெற்ற மகளை நம்ப வைத்துக் கழுத்தறுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து நின்றார். "அக்கா, என் போன் ரெடியா?"

"முதலாளி இதோ இருக்கார், அவரைக் கேளுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"எங்கம்மா போறே?" அப்பா காரைக் கையில் பிடித்தபடி எழுந்தார். "உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இதைத்தான்ப்பா அன்னிக்கே கேட்டிருக்கணும்."