சீசர் இருமினால் விக்கெட்

பெங்களூர் ஈஜிபுராவில் ஞானசேகரன் குடியிருந்த வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர் ஞானசேகரன். மனைவி அம்புஜம் வைத்த மீந்த சோற்றைத் தின்று, அந்த வாசல் தன்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்ட தெருநாய் ஒன்று இருந்தது. ரெண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கிருத்திகா அதற்கு சீசர் என்று பெயர் வைத்திருந்தாள். "பேரைப் பாரு பேரை, பெரிய மகாராஜா!" என்று ஞானசேகரன் அதன்மேல் செருப்பைத் தூக்காத நாளில்லை. அம்புஜம் அதற்குப் பதில் சொன்னதுமில்லை, சோறு வைப்பதை நிறுத்தியதுமில்லை.

அப்புறம் 2003 உலகக் கோப்பை வந்தது. சட்டம் காற்றில் போயிற்று.

நடந்தது இதுதான். பாகிஸ்தானோடு ஆட்டம் நடந்த சனிக்கிழமை, மாடி வீட்டுக் கன்னடக்கார மஞ்சுநாத் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்த சமயம் பார்த்து சீசர் உள்ளே நுழைந்து, ஒரு கோழி எலும்பைக் கவ்விக்கொண்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. ஞானசேகரன் துடைப்பத்தை ஓங்கவும், அங்கே விக்கெட் விழவும் சரியாக இருந்தது. மஞ்சுநாத் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "பேடா சார், பேடா! தொரத்தாதீங்க. லக்கு சார் அது!"

அன்றைக்கு இந்தியா ஜெயித்தது. பதினோரு பேர் வியர்க்க விறுவிறுக்க ஆடியதால் என்று பேப்பர்காரன் எழுதினான். அவனுக்கு என்ன தெரியும் பாவம்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே நாய், அதே இடம், ஒரு கோழி எலும்பு. மஞ்சுநாத்துக்கு அதே சட்டை, அதுவும் துவைக்காமல். ஞானசேகரன் வலது காலை மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போனாலும் இறக்கமாட்டார். வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்காதவள் அம்புஜம். அவள் வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கும் கறிக்கடைப் பொட்டலம் வந்தது. "நாட்டுக்காகம்மா" என்றார் ஞானசேகரன். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கூட இவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்கமாட்டார். ஒருநாள் அம்புஜம் காபி கொண்டுவந்த நேரத்தில் நம்ம ஆள் ஒருத்தன் அவுட்டாகித் தொலைத்தான். அன்றோடு ஆட்டம் நடக்கும்போது ஹாலுக்குள் வர அவளுக்குத் தடை. தெருநாய் ஹாலுக்குள், தாலி கட்டிக்கொண்டவள் அடுப்படியில். நல்ல நியாயம்தான்.

எப்படியோ நாய்க்கு ஒரு கூரை கிடைத்ததே என்று அம்புஜம் வாயை மூடிக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிரில் ஆஸ்திரேலியா. பெரிய ஆட்டத்துக்குச் சின்ன எலும்பு போதுமா? ஞானசேகரன் தன் கையாலேயே ஒரு முழுத் தொடை எலும்பை சீசருக்குப் போட்டார். ஆஸ்திரேலியாக்காரன் வந்ததும் வராததுமாக நாலாபக்கமும் விளாச ஆரம்பித்தான். ஹாலில் சாவு வீட்டு அமைதி. கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சீசர் இருமியது. முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டு மறுபடி இருமியது. அந்த நேரம் பார்த்து முதல் விக்கெட் விழுந்தது.

"சார்! நாய் இருமிச்சு, விக்கெட் போச்சு!" என்று மஞ்சுநாத் கூரை அதிரக் கத்தினான்.

கிருத்திகா அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, சீசர் வாயில நுரையா வருதும்மா."

தடையாவது ஒன்றாவது! அம்புஜம் ஹாலுக்குள் வந்து குனிந்து பார்த்தாள். நாயின் கண்கள் பிதுங்கியிருந்தன. எச்சில் கயிறாய் ஒழுகியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பெல்லாம் ஏறி இறங்கியது.

"ஏங்க, தொண்டையில எலும்பு மாட்டியிருக்குங்க. மூச்சு விட முடியல அதுக்கு. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்."

"ஏய், தொடாதே! அது அங்கயே இருக்கட்டும்" என்றார் ஞானசேகரன். கண் டிவியை விட்டு அசையவில்லை.

"செத்துப்போயிடுங்க!"

"நாய்க்கெல்லாம் ஒண்ணும் ஆவாது. அதுவே கக்கிடும்."

"அக்கா, சொல்ப இருங்க அக்கா, கொஞ்சமே கொஞ்சம்" என்று மஞ்சுநாத் கைகூப்பினான். "இன்னும் ரெண்டு தடவை இருமட்டும்."

சொன்னானே ஒரு வார்த்தை! சீசர் உடம்பு முழுக்கக் குலுங்க இன்னொரு முறை இருமியது. ரெண்டாவது விக்கெட்டும் விழுந்தது. இரண்டு ஆம்பளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அந்தக் குதியாட்டம் அடங்குவதற்குள் அம்புஜம் நாயைத் தன் பழைய புடவையில் சுற்றித் தூக்கி, மகளை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். "இந்தியா தோத்தா நீதான் காரணம்!" என்ற குரல் முனை வரைக்கும் துரத்தி வந்தது.

தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே வர்ணனை கேட்டது. முனையில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே ஒரு பெரியவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வருவீங்களா? மேட்ச் பாக்கலியா?"

"எங்க பாக்கறது?" என்று பெரியவர் பீடியை எறிந்தார். பெயர் இராஜமாணிக்கம், அல்சூர்க்காரர். "நான் உக்காந்தா அவன் சிக்ஸ் அடிக்கிறானாம். பெத்த புள்ளைங்களே வெளிய தொரத்திட்டானுங்கம்மா. ஏறு, ஏறு. ரிச்சர்ட்ஸ் டவுன்ல பெட்டின்னு ஒரு நாய் டாக்டரம்மா கீறாங்க. ஞாயித்துக்கெழமையும் வூட்லயே பாப்பாங்க."

பெங்களூர் ரோடுகள் அப்படிக் காலியாய்க் கிடந்து அம்புஜம் பார்த்ததே இல்லை. ஆட்டோ எங்கேயும் நிற்காமல் பறந்தது. மடியில் சீசரின் தலை கனத்துக்கொண்டே வந்தது. இருமலும் நின்றுபோனது. "அம்மா, அது இருமவே இல்லம்மா" என்று கிருத்திகா அழுதாள். முருகா, வாயில்லாத ஜீவன், விட்டுடாதே என்று அம்புஜம் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தாள்.

பெட்டி டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாயின் வாயைத் திறந்து, இராஜமாணிக்கத்தைத் தாடையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். ரத்தத்தோடு வெளியே வந்தது எலும்புத் துண்டு. சீசர் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. அம்புஜத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதாள்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "கோழி எலும்பை நாய்க்கு யாராவது போடுவாங்களா? ஊசி மாதிரி பிளக்கும். எந்த முட்டாள் போட்டது?"

"எங்கப்பா" என்றாள் கிருத்திகா, பணிவாக.

திரும்பும் வழியில் இராஜமாணிக்கம் அல்சூர் ஏரிக்கரையில் ஆட்டோவை நிறுத்தினார். "நாய்க்குக் கொஞ்சம் காத்து படட்டும். எனக்கும் வூட்ல எடம் இல்ல." ஏரிக்கரையில் அங்கங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே கேஸ்தான். ஒருத்தர் தும்மினால் கேட்ச் நழுவுகிறதாம். ஒரு மருமகள் டிவி முன்னால் கடந்துபோனால் பவுண்டரியாம். பெங்களூரின் ராசிகெட்ட ஜனமெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அம்புஜம் மகளுக்கு சுருமுரிப் பொரி வாங்கிக்கொடுத்துத் தானும் தின்றாள். வெங்காயமும் எலுமிச்சையும் சுள்ளென்று ஏறின. சீசர் அவள் காலடியில் படுத்துக்கொண்டு வாத்துகளைப் பார்த்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இப்படி உட்கார்ந்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. ஆஸ்திரேலியா மலைபோல ரன்னைக் குவித்துவிட்டிருந்தது. நமக்கு மூன்று விக்கெட் போய், அங்கே மழை வந்து ஆட்டம் நின்றிருந்தது. கதவைத் தட்டுவதற்குள் ஞானசேகரனே ஓடிவந்து திறந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"வந்துடுச்சா! சீசர் வந்துடுச்சா! வாடா ராஜா, வாடா!"

அம்புஜத்துக்கு மனசு இளகிவிட்டது. எவ்வளவு கத்தினாலும் உள்ளுக்குள் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

"நீங்க போனதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு விக்கெட்டுகூட விழல அக்கா" என்றான் மஞ்சுநாத், குரல் உடைந்து. "கணக்கு கரெக்டா இருக்கு பாருங்க. நாய் இருந்தப்ப ரெண்டு. போனப்புறம் ஒண்ணுமில்ல."

"அதை விடு, மழை நிக்கப்போவுது" என்று ஞானசேகரன் பரபரத்தார். "சீக்கிரம் அதை எடத்துல படுக்க வை."

"அப்பா, அது செத்திருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கப்பா" என்றாள் கிருத்திகா. "ரத்தமா வந்துச்சு."

"அதான் சரியாயிடுச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தார். கையில் இன்னொரு தொடை எலும்பு இருந்தது.

அம்புஜம் அந்த எலும்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். நேராகப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, சீசரை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எலும்பு கடிச்சாத்தானே ஜெயிக்கும்? நீங்களே கடிங்க."

"என்னாடி பேசறே?"

"நாட்டுக்காகத்தானே."

டிவியில் ஆட்டக்காரர்கள் மறுபடி மைதானத்துக்குள் வந்தார்கள். ஞானசேகரன் டிவியைப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார். மஞ்சுநாத் தொண்டையைச் செருமினான்.

"சார்... யோசிச்சுப் பாத்தா, எலும்புதான் முக்கியம்னு தோணுது சார். நாயேதான் கடிக்கணும்னு இல்ல."

வேகப்பந்துக்காரன் ஓடிவர ஆரம்பித்தான். ஞானசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எலும்பை வாயில் வைத்தார்.

அம்புஜம் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது.

"பாத்துக் கடிங்க" என்றாள். "தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா சொல்லுங்க. மேட்ச் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போலாம்."