நான்கு நாள் நலம்

நர்ஸம்மாவின் முன்னறையில், ஜன்னலுக்கு மேலே ஓடிய விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த விரல் நீளக் கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்திருந்தது. அவன் கிட்டே போய் உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

பக்கத்து மனையில் பதினோரு மாடி கட்டும் கம்பெனிக்காக அக்கம்பக்கத்தாரோடு பேசுவதுதான் அவன் வேலை. தூசி, இரைச்சல், லாரி என்று யார் சண்டைக்கு வந்தாலும் காது கொடுத்துக் கேட்டு, தலையாட்டி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். தெருவில் அவனுக்குச் 'சமாதானம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர்கள் பாராட்டி வைக்கவில்லை, அது அவனுக்கும் தெரியும்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அந்தக் கண்ணாடியை ஒட்டி, அதன்மேல் தேதி எழுதியவனும் அவன்தான். "சுவர் இம்மி அசைஞ்சாலும் இது உடைஞ்சிடும்மா. உடைஞ்சா அன்னைக்கே வேலைய நிறுத்திடுவோம்," என்று சொல்லியிருந்தான். ஓய்வுபெற்ற அந்த நர்ஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு நோட்டுப் போட்டு, காய்ச்சல்காரருக்கு எழுதுவதுபோல் தினமும் காலையில் தேதியும் 'நலம்' என்று ஒரு சொல்லும் எழுதினார். ஐந்து மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. தெருவே கம்பெனி மேல் வழக்குப் போடக் கிளம்பியபோது, "அந்தத் தம்பி வாக்கு குடுத்திருக்கு" என்று ஒதுங்கிக்கொண்ட ஒரே வீடு அது.

மகள் வீட்டுக்கு நான்கு நாள் போகும்போது சாவியையும் நோட்டையும் அவனிடம்தான் கொடுத்தார். முதல் நாள் போய்ப் பார்த்தான், கண்ணாடி முழுசாக இருந்தது. தினமும் யார் வந்து போவது என்று நான்கு நாளுக்கும் சேர்த்தே 'நலம்' எழுதிவிட்டான். இன்று மூன்றாம் நாள். மழை வரும்போலிருக்கவே, ஜன்னலைச் சாத்தத்தான் வந்தான்.

இன்ஜினியருக்குப் போன் போட்டான்.

"வேற கண்ணாடி ஒண்ணு ஒட்டி, பழைய தேதியப் போட்டுட்டு வாப்பா," என்றார் அவர். "இதுக்குப் போய் வேலைய நிறுத்துவாங்களா? நிறுத்துனா மொதல்ல வீட்டுக்குப் போறது நீதான்."

கண்ணாடியும் பிளாஸ்டரும் எடுத்து வந்தான். கிண்ணத்தில் குழைத்து, நாற்காலியில் ஏறியபோது போன் அடித்தது. நர்ஸம்மா.

"என்ன தம்பி, எப்படி இருக்கு நம்ம கண்ணாடி?"

ஆஸ்பத்திரியில் விட்டு வந்த ஆளை விசாரிப்பதுபோல் இருந்தது. நல்லா இருக்கும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதுபோல் எத்தனையோ வீடுகளில் சொன்னவன். இன்று அந்தப் பொய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"உடைஞ்சிருக்கும்மா."

திட்டினால் தேவலை என்று நின்றான். ஆனால் வந்தது வார்டில் பேசிப் பழகிய குரல்.

"என்னைக்கு உடைஞ்சுது? எத்தனை நாளா சுவர் அசையுதுன்னு தெரியணும்ல. நோட்டப் பாத்துச் சொல்லுப்பா."

கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகத் தொடங்கியிருந்தது. அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். நோட்டு மேசைமேல் விரிந்தே கிடந்தது. முந்தாநாள், நலம். நேற்று, நலம். இன்று, நலம். அதற்குக் கீழே, நாளைய தேதிக்கு நேராகவும் அவன் கையெழுத்தில் 'நலம்' அழகாக உட்கார்ந்திருந்தது.

"தம்பி, லைன்ல இருக்கியா?" என்றார் நர்ஸம்மா.