டி மேஜரின் இரண்டாம் பகுதி

லோரென்ஸ் சீருடையின் கழுத்துப் பொத்தானைப் போடத் தடுமாறிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷமாகப் போட்டுப் பழகிய பொத்தான், இன்றைக்கு விரலில் நிற்காமல் வழுக்கியது. கட்டிலில் கிடந்த அவன் மனைவி அப்பொலோனியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டி ஒன்பதாம் நாள். பாதிரியார் முந்தின நாளே வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். காலையில் நாடி பார்த்த வைத்தியர் லோரென்ஸின் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

“போங்க. அந்தச் செம்புச் சக்களத்திங்க ரெண்டு பேரும்...” அவளுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. “காத்துக்கிட்டிருப்பாளுங்க.”

மாளிகை வாத்தியக் குழுவில் அவன் அடிக்கும் இரண்டு செப்புப் பேரிகைகளைத்தான் சொன்னாள். கல்யாணமான மாசத்திலிருந்து அவற்றுக்கு அதுதான் பெயர்.

“நடுவுல வந்துடுவேன் லோனி.”

“வரணும். நம்ம பாப்பா போனப்ப நான் மட்டுந்தான் கூட இருந்தேன். நீங்க அங்க அடிச்சிக்கிட்டிருந்தீங்க. எனக்கு அப்படி ஆவக் கூடாது. கண்ணு மூடறப்ப உங்க கை வேணும்.”

“நீங்க கெளம்புங்க அத்தான், நான் இருக்கேன்ல,” என்று அவள் தங்கை வெரோனிகா தலையணையைத் தட்டிப்போட்டாள்.

அப்பொலோனியா என்ன நிலத்தையா கேட்டாள், நகையையா கேட்டாள்? ஒரு கை. சொந்தக் கை. அதைக் கொடுக்கத்தான் அவனுக்கு வழியில்லாமல் இருந்தது.

அன்று கோமகனின் பெயர்த் திருநாள், அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள். மூன்று மணிக்கு மாளிகைக் கூடத்தில் நாலு பகுதிச் சிம்பொனி. விடிந்ததும் விடியாததுமாக லோரென்ஸ் இசைத்தலைவர் ஹவ்ராநெக்கிடம் போய் நின்றிருந்தான்.

“ஐயா, இன்னிக்கு எஃப் மேஜர்ல ஏதாவது வாசிச்சிடலாமே. ஜி மேஜர்னாலும் சரி.”

அவர்களிடம் இருந்த எஃப் மேஜருக்கும் ஜி மேஜருக்கும் பேரிகை கிடையாது. டி மேஜர் என்றால் அது இல்லாமல் முடியாது; எக்காளமும் பேரிகையும் முழங்கத்தானே அந்தச் சுருதியில் எழுதுகிறார்கள். ஹவ்ராநெக் அலமாரியைத் திறந்து காட்டினார். டி மேஜரில் மட்டும் இருபத்தாறு சிம்பொனிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன.

“கோமகன் தன் கையாலயே எழுதிக் குடுத்துட்டாருடா. டி மேஜர்தான் வேணுமாம். விருந்துக்கு வந்தவங்க காது அதிரணுமாம். நான் என்னடா பண்ணட்டும்?”

“எனக்குப் பதிலா யாராவது...”

“ப்ரூன் பட்டணத்துலேர்ந்து ஆள் வர, இந்தப் பனியில ரெண்டு நாள் ஆவும். இங்க இருக்கவன் எவனையாவது உக்கார வெச்சா காஸ்பர் எந்திரிச்சுப் போயிடுவான்.”

மூலையில் எக்காளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த காஸ்பர் தலை நிமிரவில்லை. “நம்ம எக்காள, பேரிகைக்காரங்க சங்கத்துல பழகாதவன் குச்சியத் தொட்டா நாங்க ஊதக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கோம். உனக்கே தெரியும் லோரென்ஸ். வேற எது வேணாலும் கேளு.”

லோரென்ஸும் அதே சத்தியத்தைச் செய்தவன்தான்.

ஹவ்ராநெக் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “ரெண்டாம் பகுதி ஜி மேஜருக்குப் போயிடுதுல்ல? அதுல உனக்கும் வேல இல்ல, காஸ்பருக்கும் வேல இல்ல. நாங்க மெதுவா வாசிக்கிறோம். ரெண்டு பாதியையும் திருப்பி வாசிக்கிறோம். பத்து நிமிஷம் தேறும். பின்கதவு வழியா ஓடிட்டு, மூணாம் பகுதிக்கு வந்துடு.”

யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் அந்த மனுஷனிடம் இருந்ததும் அவ்வளவுதான்.

முதல் பகுதி நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் பகுதியின் முதல் சுரம் எழுந்ததும் லோரென்ஸ் குச்சிகளைப் பேரிகைத் தோல்மேல் வைத்துவிட்டு, பின்கதவால் நழுவினான். முற்றத்துப் பனியில் ஓடி, வாத்தியக்காரர் குடியிருப்பின் முப்பத்தெட்டுப் படிகளையும் ஏறி, கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தபோது அங்கே இசை இருபத்தொன்பதாவது தாளச் சுற்றுக்கு வந்திருந்தது. அந்தப் பகுதி திருப்பல்களோடு சேர்த்து நூற்று எண்பது தாளச் சுற்று. அதை அவன் ஓடும்போதே எண்ணிக்கொண்டு வந்தான். பேரிகைக்காரன் அடிப்பதைவிட எண்ணுவதுதான் அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை எண்ணி எண்ணியே அவனுக்குத் தலை நரைத்துவிடும்.

அவள் கை சுட்டது. அப்பொலோனியா என்னவோ சொன்னாள். பாப்பாவின் குல்லாயைப் பற்றி. எந்தப் பெட்டியில் வைத்தாள் என்று. அவன் தலையாட்டினான்.

“எண்ணுறீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லியே.”

“உதடு அசையுது.”

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். எண்ணிக்கையை விடவும் முடியவில்லை.

“எத்தன ஆச்சு?”

“நூத்திப் பதினாலு.”

“சரி. இன்னும் இருக்கு,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மூச்சு ஏறியது, நின்றது, வெகு நேரம் கழித்து இறங்கியது. போவதென்றால் இப்போதே போயிடேன், நான் இருக்கும்போதே போயிடேன் என்று அவன் மனசு கெஞ்சியது. நினைத்த பிறகுதான் எதை நினைத்தோம் என்று உறைத்து உடம்பெல்லாம் கூசியது. பெற்ற தாய்க்குக்கூடச் சொல்ல முடியாத நினைப்பு. ஆனால் அந்த அறையில் அவனிடம் வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

அவள் போகவில்லை. நூற்று ஐம்பது ஆயிற்று. அவன் கையை எடுக்கப் பார்த்தான். அவள் பிடி விடவில்லை. வெரோனிகாதான் அக்காளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கையை அங்கே வைத்தாள்.

“மூணாவதும் நாலாவதும் சின்னதுதான் லோனி. முடிச்சதும் ஓடி வந்துடுறேன்.”

அவள் கண் திறக்கவில்லை. அவன் படிகளில் தாவி இறங்கினான்.

கணக்கு பிசகவில்லை. அவன் ஆசனத்தில் உட்காரவும் கடைசிச் சுரம் அடங்கவும் சரியாக இருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. வயலின்காரர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டுக்காக அப்படி இழைத்து இழைத்து வாசித்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். கோமகனுக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

“இத இவ்வளவு அழகா நீங்க வாசிச்சதே இல்லையே,” என்றார். “இந்தப் பகுதிய இன்னொரு தடவ. முதல்லேர்ந்து.”

ஹவ்ராநெக் திரும்பி லோரென்ஸைப் பார்த்தார். இன்னொரு பத்து நிமிஷம் முழுசாகக் கிடைத்திருக்கிறது. ஓடு என்று கண்ணாலேயே சொன்னார். லோரென்ஸ் பாதி எழுந்துவிட்டான். அப்போது கோமகனின் மகள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அந்தப் பின்கதவுலேர்ந்து குளிர் காத்து வருதுப்பா. யாரோ தொறந்து தொறந்து மூடறாங்க,” என்றாள். பணியாள் ஒருவன் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். கோமகன் அந்தப் பக்கம் திரும்பி, பாதி எழுந்து நின்ற பேரிகைக்காரனைப் பார்த்தார். அவன் உட்கார்ந்தான்.

ஹவ்ராநெக் இந்த முறை வேகமாக எடுத்தார். நாலு சுற்றுகூட ஆகவில்லை, கோமகன் விரலை உயர்த்தினார்.

“மொதல்ல வாசிச்ச மாதிரி. மெதுவா.”

மெதுவாகவே வாசித்தார்கள். லோரென்ஸ் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அங்கே ஒரு சுரம் இல்லை, ஓர் அடி இல்லை. ஊரே மதிக்கிற ஒரு சிம்பொனியின் நடுவில், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக அவன் அங்கே இருந்தான். பக்கத்தில் காஸ்பர் எக்காளத்தை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். “நீ நல்லாத் திட்டுடா என்னை,” என்று முணுமுணுத்தான்.

உயரமான கண்ணாடி ஜன்னல்களுக்கு அப்பால் முற்றம் தெரிந்தது. எதிரே குடியிருப்பு. மூன்றாம் மாடியில் இடது கோடியில் அவர்கள் அறை. நூற்று முப்பத்திரண்டாவது சுற்றில் அந்த ஜன்னல் திறந்தது. வெரோனிகா இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். மாசி மாசத்துப் பனியில் அந்த ஊரில் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், உயிர் வெளியே போக வழி விடுவதற்குத் தவிர.

வயலின்காரர்களும் பார்த்தார்கள். கோமகன் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதி முடிந்தது. மூன்றாவது எடுத்ததுமே எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழங்க வேண்டியது. ஹவ்ராநெக் தன் வயலின் வில்லைத் தூக்கியவர் அப்படியே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காத்திருந்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். காஸ்பர் எக்காளத்தை உதட்டருகே கொண்டுபோய், ஊதாமல், கடைக்கண்ணால் பக்கத்து ஆசனத்தைப் பார்த்தான்.

லோரென்ஸ் குச்சிகளை எடுத்தான். குனிந்து டி சுருதிப் பேரிகைத் தோலில் விரலால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். ஈரக் குளிரில் சுருதி ஒரு நூலிழை இறங்கியிருந்தது. திருகாணியை அரைச் சுற்று முறுக்கினான். திரும்பவும் தட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, ஹவ்ராநெக்கின் முதுகைப் பார்த்து, “ம்,” என்றான்.