லுயீஸ் வாக்களித்த நாள்

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள அந்த முதியோர் இல்லத்துக்கே வாக்குப்பெட்டி வரப்போகிறது என்று அறிந்ததும், லுயீஸ் தனது நீலச் சட்டையைக் கேட்டு அடம்பிடித்தாள். அவளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண். வியட்நாம் போருக்குப் போக மறுத்த கணவனோடு இளவயதில் கனடாவுக்கு வந்தவள். இப்போது நினைவு தடுமாறி, அடிக்கடி அந்தப் பழைய ஊருக்கே போய்விடுவாள்.

பராமரிப்புப் பணியாளரான றெபேக்கா சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். லுயீஸ் கவலையோடு கேட்டாள்.

“அரசியல் சட்டத்தில் எந்தப் பிரிவைக் கேட்பார்கள்? போனமுறையும் சரியாகத்தான் விளக்கம் எழுதினேன். தேறவில்லை என்று அனுப்பிவிட்டான்.”

“இங்கே பரீட்சை இல்லை, லுயீஸ். பெயர் மட்டும்தான் கேட்பார்கள்.”

அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவதற்கு அப்படியொரு பரீட்சை எழுதவேண்டியிருந்தது. லுயீஸ் எழுதப் போன நாளில் அவளுடைய தம்பி நேதனை வெள்ளையர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். றெபேக்காவுக்கு லுயீஸின் மகள் சொன்னது அவ்வளவுதான்; எங்கே, எப்படி என்று சொல்லவில்லை.

றெபேக்கா அவளைச் சக்கர நாற்காலியில் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். லுயீஸ் வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு எதிரே புள்ளடி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். அதிகாரி நன்றி சொன்னார்.

“முடிந்ததா? ஒன்றுமே கேட்கவில்லையே!” குழந்தைபோலச் சிரித்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். “நேதன் எங்கே? அங்கேதானே நின்றான்?”

முன்பொருமுறை றெபேக்கா உண்மையைச் சொல்லியிருந்தாள். அன்றுதான் கேள்விப்படுபவள் போல லுயீஸ் கதறினாள், சாப்பிடவும் மறுத்துவிட்டாள்.

“அவர் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்,” என்றாள் றெபேக்கா.

லுயீஸ் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தாள்.

“தனியாகவா? நான் வரும்வரை நில் என்று சொன்னேனே! அந்த ரோட்டில் அவர்கள் காத்திருப்பார்களே!”

சக்கர நாற்காலியிலிருந்து எழும்ப முயன்று, நேதன், நேதன் என்று கூவினாள். தாதி கிளடிஸ் ஓடிவந்து றெபேக்காவிடம் தமிழில் கேட்டாள்.

“என்ன பிள்ளை நடந்தது? ஏன் உவ இப்பிடி அழுறா?”

“ஆறுதலுக்குத்தான் அக்கா ஒரு பொய் சொன்னன். அது உண்மையாப் போச்சுது. சுட்ட அண்டைக்கும் தம்பி அப்பிடித்தான் தனிய வீட்டுக்குப் போயிருக்கிறார் போல.”

லுயீஸ் றெபேக்காவின் கையைப் பற்றினாள்.

“நீ இளம்பெண். ஓடினால் பிடித்துவிடலாம். போ!”

றெபேக்கா ஓடினாள். வெளியே கார்கள் மட்டும் நின்றன. உள்ளே திரும்பிப் போய் என்ன சொல்வதென்று தெரியாமல், அங்கேயே நின்று அழுதாள்.