ஒரு பெயருக்கான கோடு

அபெலார்தோ கிஷ்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பதினொரு மணிக்கு விசாரணை என்றார்கள். அப்போது மணி ஒன்பது.

அவருடைய பெயரைப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தது நான்.

எங்கள் நிறுவனம் சின்னது. கன்யார் மலையூர்களில் ஐந்தாயிரம் வீடுகளுக்கு இணைய இணைப்பு தருகிறோம். முதலாளி தோன் கலோ, கம்பம் ஏறும் மூன்று பேர், பிறகு குவென்காவில் இயற்பியல் படித்துவிட்டு வந்த நான். அவ்வளவுதான்.

இணையத்தில் ஒரு வீட்டை வெளியே அடையாளம் காட்டுவது அதன் ஐ.பி. முகவரி. அந்த முகவரிகளை மொந்தேவிதேயோவில் இருக்கும் பதிவகம் பிரித்துக் கொடுக்கிறது. எங்களுக்குக் கிடைத்தவை இருநூற்று ஐம்பத்தாறு. இன்னும் வேண்டும் என்று எழுதிப் போட்டு நான்கு வருடமாக வரிசையில் நிற்கிறோம். உலகம் முழுக்கவே தட்டுப்பாடு. அதனால் ஒரே முகவரிக்குப் பின்னால் முப்பத்திரண்டு வீடுகளை வைத்திருக்கிறேன், ஒப்பந்த எண் வரிசைப்படி. ஒரு தெருக்கதவு, உள்ளே முப்பத்திரண்டு குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனி வாசல் எண்கள் உண்டு. முகவரியோடு வாசல் எண்ணையும் சொன்னால், எந்த வீடு என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

போலீஸ் கடிதத்தில் முகவரியும் நேரமும் மட்டுமே இருந்தன. மாவு மில்காரரை யாரோ மிரட்டியிருக்கிறார்கள். மூவாயிரம் டாலர் தராவிட்டால் மில் எரியும் என்று அந்த முகவரியிலிருந்து செய்தி. வாசல் எண் இல்லாமல் முடியாது என்று நான் திருப்பி எழுதியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பதில் படிவம் பழையது. வீட்டுக்கு ஒரு முகவரி இருந்த காலத்தில் தோன் கலோ தயாரித்தது. அதில் சந்தாதாரர் பெயர் என்று அச்சிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கோட்டைப் பார்த்ததும் நிரப்பிவிட்டேன்.

அலுவலகம் திறந்ததிலிருந்து அபெலார்தோவின் மனைவி எர்லிந்தா வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணி சுற்றிய பாத்திரம். வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும். போலீஸ் நிலையத்தில் சாப்பாட்டை உள்ளே வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நாங்கள் கணினிக்காரர்கள், ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தார். பெயர் எங்கிருந்து போனது என்பது அவருக்குத் தெரியாது.

"இன்ஜினியரம்மா, அவருக்கு போன்ல எழுத்துக் கூட்டவே வராது. எனக்கு ஒரு 'சரி' அனுப்ப அரை நாள் பிடிக்கும். அந்த மனுஷன் மில்காரனை மிரட்டினாராம். இவர் மிரட்டி முடிக்கறதுக்குள்ள அந்த மில்லு தானா விழுந்திருக்கும்."

தானே சிரித்தார். பிறகு பாத்திரத்தின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நிறுவனம் தொடங்கியபோது முதல் ஆன்டெனாவை நட்டது அவர்கள் வீட்டுக் கூரையில்தான். அபெலார்தோ வாடகை கேட்கவில்லை. ஊரிலேயே முதன்முதலாக இணைப்பு வாங்கியது அந்தத் தெரு. எங்கள் வீடும் அதே தெருவில்தான், அவர்களுக்கு எதிரில்.

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கருவிகள் இருக்கும் அறைக்குள் போனேன், வெளியே வந்தேன். குடிக்காமலே கோப்பையைக் கழுவினேன். காலையில் தம்பி ஜெஃபர்ஸன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது நினைவுக்கு வந்தது. அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவன் அடிக்கடி அப்படி எழுந்து போகிறவன்தான்.

ஒன்பதரைக்கு தோன் கலோவின் அறைக்குப் போய், அந்த முகவரியில் முப்பத்திரண்டு வீடுகள் இருந்தன என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். உரிமம் போய்விடும் என்றார். ஐந்தாயிரம் வீடும் நம்மை விட்டு ஓடும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"விடும்மா நார்சிஸா. நீதிபதி ஆளைப் பார்த்தாலே விட்டுருவாரு."

"விடலைன்னா, சார்?"

விடாவிட்டால் பெரிய சிறை. அங்கே விசாரணைக்கு என்று போன சிலர் திரும்பி வராத வருடம் அது. எங்கள் ஊரிலேயே ஒரு சவ அடக்கம் நடந்திருந்தது. தோன் கலோ மேசைமேல் கிடந்த கம்பித் துண்டை வளைத்துக்கொண்டே கேட்டார்.

"முப்பத்திரண்டு பேர்ல அவரை ஏன் எழுதின?"

"பட்டியல்ல முதல்ல இருந்தாரு, சார்."

"அப்ப சரி. யாரா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாங்க."

நீதிமன்றத்துக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் என் இடத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். ஒப்பந்த எண் வரிசையில் இருந்ததைக் குடும்பப்பெயரின் அகரவரிசைக்கு மாற்றினேன். ஒரே சொடுக்கு. முப்பத்திரண்டு பெயர்களும் இடம் மாறி நின்றன. அச்சடித்து, மடித்து, மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீதிமன்றம் போகிறேன் என்றதும் எர்லிந்தாவும் எழுந்து வந்தார். இறக்கத்தில் அவர் வேகமாக நடந்தார், நான் பின்தங்கினேன். பாத்திரத்தைத் திறந்து ஒரு கை சோளம் என் கையில் போட்டார். வேண்டாம் என்றேன்.

"தின்னு தாயி. வெளிறிப்போய் இருக்க. உங்க அம்மாவும் இப்படித்தான், நேத்து விடிய விடிய எங்கூட உக்காந்திருந்தா, ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீ போய்ப் படுடின்னா, எதிர்வீட்டுல விளக்கு எரியறப்ப எனக்கு எப்படித் தூக்கம் வரும்கறா."

சோளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். நீதிமன்ற வாசலில்தான் அதைத் தின்றேன்.

அபெலார்தோவுக்கு அமர்த்தியிருந்த இலவச வக்கீல் என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். கையிடுக்கில் ஏழெட்டுக் கோப்புகள். நான் தாளை நீட்டி, விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இதை உள்ள வந்து சொல்வீங்களா? பின்வாங்க மாட்டீங்களே?"

"சொல்றேன்."

உள்ளே அபெலார்தோ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலணியின் கயிறுகளை உருவி எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. தனக்காக யாரோ வந்திருக்கிறார்கள் என்ற தெளிவு. நான் தரையைப் பார்த்தேன்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. முகவரி, வாசல் எண், முப்பத்திரண்டு வீடு என்று வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். அப்படியானால் போலீசுக்கு ஒரே பெயரைக் கொடுத்தது ஏன் என்றார். படிவத்தில் ஒரு கோடுதான் இருந்தது என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பட்டியலில் முதலில் இருந்த பெயரை எழுதினேன் என்றும் சொன்னேன்.

நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். அவர் விரல் பத்தொன்பதாவது பெயரைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். இன்னும் கீழே போய் நின்றது.

"இதுல முதல் பேர் அப்ரில்னு இருக்கேம்மா. கிஷ்பி இருபத்தஞ்சாவது."

"அது அகரவரிசை, ஐயா. நான் பார்த்து எழுதினது ஒப்பந்த எண் வரிசை."

"அந்த வரிசைல இவர் முதல்ல இருக்காரா?"

தலையை ஆட்டினால் போதும். தோன் கலோ அதைக் கேட்டுச் சரி என்றுதான் சொன்னார். எர்லிந்தா கடைசி வரிசையில் மடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், எப்போது வந்தாரோ, என் அம்மா. சந்தையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

நீதிபதி இன்னொரு முறை கேட்டார்.

"இல்லைங்கய்யா," என்றேன். "இவர் ரெண்டாவது. முதல் பேர் எங்க அம்மாவோடது."